மூலைக் குப்பையும் நான் செய்த ‘அரெஸ்ட்’டும்

நோட்டீஸ் புத்தகமும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் கைக்கு வந்த அன்று, ஆளைக் கைது செய்யும் அதிகாரமும் கூடவே வந்துவிட்டதாக நான் நம்பினேன். அப்போது வயது நாற்பத்தாறு. அதுவரை கொசு ஒழிப்பில் இருந்தவன். கொசுவைத் தவிர யாரையும் மிரட்டியதில்லை.

மாநகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக எனக்குக் கொடுத்த முதல் தலைவலி, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு தெருமுனை. குப்பைத் தொட்டியை அகற்றிய பிறகும் அங்கே குப்பை விழுந்துகொண்டே இருந்தது. முதல் பை ஒன்று விழுந்தால் போதும், பத்து மணிக்குள் தெருவே கொண்டுவந்து கொட்டிவிடும்.

வியாழக்கிழமை மேலதிகாரி போனில் சொன்னார்: “திங்கட்கிழமை காலைல நான் வருவேன். அங்க குப்பை கெடந்தா அந்த பீட் பொம்பளைய மணலிப் பக்கம் மாத்திடுங்க.”

அந்த பீட்டை, அதாவது அந்தத் தெருக்களை, பெருக்குபவர் செல்வி. அவரிடம் சொன்னதும் துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

“மணலிக்கா? அது ஊருக்கு அந்தக் கோடில கீது. ஒரு நாள் வுட்டு ஒரு நாள் வூட்டுக்காரர டயாலிசிஸுக்கு இட்டுக்கினு போறேன் சார். அங்கேர்ந்து நான் எப்புடி வருவேன்?”

“கவலைப்படாதீங்க. போடறவனை நான் பிடிக்கிறேன்” என்றேன். சட்டையை வேறு இழுத்துவிட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரு ஸ்கூட்டர் வந்தது. கறுப்புப் பை பறந்து வந்து மூலையில் விழுந்தது. நான் மரத்தின் பின்னாலிருந்து பாய்ந்து, அடையாள அட்டையை உயர்த்திக் கத்தினேன்: “நில்லு! உன்னை அரெஸ்ட் பண்றேன்!”

ஸ்கூட்டர்காரர் சட்டைப் பையிலிருந்து கறுப்பாக எதையோ எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். பிறகு வண்டியை முறுக்கிக்கொண்டு பறந்துவிட்டார்.

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இன்னா சார், நீ போலீஸா? அவன் போய்க்கினே கீறான், நீ கத்திக்கினு கீற!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செல்போனில் வீடியோ எடுத்துவிட்டான்! இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தியதாக மெமோ வரும், வேலை போகும். நேரே ஆபீசுக்கு ஓடி சட்டப் பிரிவுகளைப் புரட்டினேன். நோட்டீஸ் கொடுக்கலாம், ஸ்பாட் ஃபைன் போடலாம், கட்டாவிட்டால் மேலே எழுதலாம். கைது என்ற சொல்லே கண்ணில் படவில்லை. யாரும் விளக்கம் கேட்காமலேயே மூன்று விளக்கக் கடிதம் எழுதினேன். சனிக்கிழமை காய்ச்சல் என்று லீவு போட்டேன். போன் அடித்தபோதெல்லாம் நிஜமாகவே காய்ச்சல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தது செல்வி.

“சார், அன்னிக்கு வுழுந்த பையைத் தனியா எடுத்து வச்சிக்கீறேன். பிரிச்சுப் பாத்தேன், உள்ள கூரியர் கவர் கீது. பேரு, அட்ரஸ், எல்லாம் கீது. எங்க வேலைல இதான் மொதல்ல பாக்குறது. நீ ஓடிட்ட.”

செல்வியையும் கூட்டிக்கொண்டு அந்த அட்ரஸுக்குப் போனேன். அடுத்த தெருவில் ஒரு மாடி போர்ஷன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் உள்ளே மனைவியிடம் திரும்பி, “ஏட்டி, வந்துட்டாங்க!” என்றார். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன், தெற்கத்திக்காரர்.

“சார், அரெஸ்ட்டுன்னு சொன்னீங்கல்லா, ரெண்டு நாளா கடைக்கே போவல. தெரு எறங்கல.”

நான் மெல்லக் கேட்டேன்: “அந்த வீடியோ…”

“எந்த வீடியோ?” அவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் கறுப்பு வஸ்துவை எடுத்தார். மூக்குக்கண்ணாடிக் கூடு. “உங்க அட்டையில என்ன எழுதிருக்குன்னு பாக்கக் கண்ணாடிய எடுத்தேன். அதுக்குள்ள நீங்க போட்ட சத்தத்துல பயந்துட்டேன்.”

நோட்டீஸை எழுதினேன். தேதியை இரண்டு முறை அடித்துத் திருத்தினேன். அவர் மறுபேச்சில்லாமல் ஃபைன் கட்டினார். கடையில் சரக்கு இறக்கக் காலை ஆறரைக்கே கிளம்புகிறவர், குப்பை வண்டி வருவதோ எட்டு மணிக்கு, இதுதான் விஷயம்.

செல்வி சொன்னார்: “பக்கெட்ட கேட்டாண்ட வச்சிட்டுப் போ நைனா. வண்டிக்காரன்ட்ட நான் சொல்றேன்.”

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஆளைத் துரத்தாதீர்கள், பையைப் பிரியுங்கள். எது நம் அதிகாரம் என்பதை, கத்துவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு மேலதிகாரி வந்தார். முதல் பை விழாததால் மூலையில் ஒன்றும் இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். செல்வி இன்றும் அதே தெருவைத்தான் பெருக்குகிறார்.