ஜாங்கிரிக்கு மூச்சு வாங்கிய சனிக்கிழமை

பட்டுப்புடவை, தலையில் பூ, கை நிறையக் கண்ணாடி வளையல், மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஒரு தலையணை உறை, அதற்குள் ஒரு பாம்பு. இந்தக் கோலத்தில் நீங்கள் என்றைக்காவது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறீர்களா? நான் உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரம் முன்பு, நவராத்திரி சனிக்கிழமை சாயங்காலம். அதுவும் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு இருபது பேரை அழைத்துவிட்டு.

பக்கத்தில் கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் தாத்தா என் புடவையைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். "பியூட்டிஃபுல்" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜாங்கிரி எங்கள் வீட்டுப் பாம்பு. கார்ன் ஸ்னேக் என்பார்கள். விஷம் கிடையாது, ஆரஞ்சு நிறம், சுருண்டு படுத்தால் ஏன் இந்தப் பெயர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். என் மகள் தியா ஒன்பதாவது படிக்கும்போது அடம்பிடித்து வாங்கியது. இந்த ஆகஸ்டில் அவள் காலேஜ் சேர்ந்து ஆஸ்டின் போய்விட்டாள். அங்கே ஹாஸ்டலில் பாம்புக்கு அனுமதி இல்லை. "அம்மா, ஐ ட்ரஸ்ட் யூ" என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டாள். எங்கள் ஊர் கேட்டியில் மிஞ்சியது நான், என் கணவர் பாஸ்கர், ஜாங்கிரி. கராஜ் ஃப்ரீஸரில் தேங்காய்த்துருவல் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், அதன் சாப்பாட்டுக்கு ஒரு டப்பா எலி.

அவள் போன இரண்டாவது வாரமே ஜாங்கிரி சாப்பாட்டைத் தொடவில்லை. கண் இரண்டும் பால் ஊற்றினாற்போல் ஆகிவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. பாம்பு, பல்லி, பறவை எல்லாம் பார்க்கும் ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்து, முக்கால் மணி நேரம் டிரைவ் பண்ணிப் போனேன். டாக்டரம்மா பார்த்தார். சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. "தோல் உரிக்கப் போகிறது, வீட்டுக்குப் போங்கள்" என்றார்.

பாஸ்கர் அந்தக் கதையைச் சும்மா வைத்திருப்பாரா? எங்கள் தமிழ்க் குடும்பங்களின் குரூப்பில் போட்டார். அன்றிலிருந்து கடையில், கோயிலில், பார்க்கிங்கில், யார் என்னைப் பார்த்தாலும் ஒரே கேள்வி: "நிர்மலா, பாம்புக்குக் கேடராக்ட் ஆபரேஷன் முடிஞ்சுதா?" நானும் சிரித்து வைத்தேன். ஆனால் சுருக்கென்றுதான் இருந்தது.

அந்த டாக்டரம்மா அன்றைக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு வேளை, இரண்டு வேளை சாப்பிடவில்லையா... பொறுக்கலாம். கண் வெளுத்திருக்கிறதா, தோல் உரிக்கும் வரை பொறுக்கலாம். எடை இறங்கிக்கொண்டே போனால் கூப்பிட வேண்டும். கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தார் — வாயைத் திறந்து மூச்சு விட்டால், மூக்கில் நுரை வந்தால், மூச்சில் சத்தம் கேட்டால், ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். தாளைக் கராஜ் ஃப்ரீஸரில் ஒட்டி வைத்தேன்.

இந்த இடத்தில் வசந்தி அக்காவைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டுக் கொலு என்றைக்கு என்று பட்டியல் போடுபவர் அவர்தான். நல்ல மனுஷி, முடியாதவர் வீட்டுக்கு ரசம் செய்து கொண்டுபோய்க் கொடுப்பவர். ஆனால் ஆலோசனை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. செப்டம்பரில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர், "பொண்ணும் வீட்ல இல்ல, அவ ரூம்ல பாம்ப வெச்சிருக்க. தோஷம்மா. தூக்கிக் குடுக்க மனசில்லன்னா, செவ்வாய் வெள்ளியாவது அந்த ரூம்ல நல்லா சாம்பிராணி காட்டு" என்றார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இந்தப் பத்தியில் எத்தனை தடவை வாய் கிழியப் பேசியிருக்கிறேன். அப்படியும் காட்டினேன். ஏன்? மறுபடி பார்க்கும்போது கேட்பார், காட்டினேன் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடியும். அவ்வளவுதான் காரணம்.

அமெரிக்காவில் சாம்பிராணி போடுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தாலும் அட்டையாலும் கட்டிய வீடு. கொஞ்சம் புகை வந்தாலே ஸ்மோக் அலாரம் அலறும். ஆகவே நாம் என்ன செய்வோம்? ஸ்டூலில் ஏறி அலாரத்துக்கு ஒரு ஷவர் கேப்பை மாட்டிவிடுவோம். நானும் மாட்டினேன். புகை மாடியிலிருந்து கீழே வராமல் தியா அறைக் கதவையும் சாத்தினேன். கப் சாம்பிராணி ஒன்று, ஜாங்கிரியின் கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்திலேயே. ஐந்து வாரம்.

இப்போது அந்தச் சனிக்கிழமை. நாலு மணிக்கு விருந்தாளிகள். கீழே ஐந்து படிக் கொலு, சுண்டல், தாம்பூலப் பை எல்லாம் தயார். குழந்தைகள் மாடிக்கு ஓடிவிடக் கூடாதே என்று தியாவின் அறையைப் பூட்டப் போனேன். மணி இரண்டு.

ஜாங்கிரி தலையைத் தூக்கிக் கண்ணாடியில் சாய்த்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூக்கு ஓரத்தில் சின்னதாக ஒரு நுரை. குனிந்து கேட்டேன். மூடி சரியாகப் போடாத சோடா பாட்டிலில் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். நாலு பத்துக்கு ஒரு இடம் இருக்கிறது, அதை விட்டால் திங்கட்கிழமை என்றார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உடனே வருகிறேன் என்று சொல்லவில்லை. "ரெண்டு நிமிஷத்துல திரும்பக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். மறுபடியும் கேடராக்டாக இருந்தால்? இருபது பேர் முன்னால்? அடிக்கோடு போட்ட வரி கராஜில் ஒட்டியிருக்கிறது, எனக்கு அது மனப்பாடம், அப்படியும் கால் நகரவில்லை. போன தடவை சும்மா போனோமே என்கிற வெட்கம் இருக்கிறதே, அது பொல்லாதது.

பாஸ்கர் மாடிக்கு வந்தார். பார்த்தார். "நிம்மி, எல்லாரும் வர்ற நேரம். பாம்புதானே, ரெண்டு நாள் தாங்காதா?" என்றார்.

தியாவுக்கு வீடியோ கால் போட்டேன். போனைத் தொட்டிக்குக் காட்டினேன். அவள் முகம் மாறியது. அப்புறம் என் புடவையைப் பார்த்தாள் போலிருக்கிறது.

"ஓ, டுடே இஸ் கொலு. இட்ஸ் ஓகே அம்மா. யூ ஹேவ் பீப்பிள் கமிங். மண்டே போ." குரல் உடைந்துவிட்டது. உடனே கட் பண்ணிவிட்டாள்.

அழுது அடம்பிடித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவள் விட்டுக் கொடுத்ததுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தது? நான்தான். அவளுடைய ஸ்கூல் நாடகத்தன்று யாரோ வீட்டு சீமந்தம். அவளுக்குக் காய்ச்சல் அடித்த அன்று யாரோ வீட்டு கிரகப்பிரவேசம், மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்வந்தேன். அம்மாவுக்கு நாலு பேர்தான் முதலில் என்று அவள் எப்போதோ கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

"நாலு பத்துக்கு வர்றேன்" என்று ஆஸ்பத்திரியைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். "சுண்டல் அடுப்பு மேல இருக்கு. பை டேபிள்ல. மஞ்சள் குங்குமம் நீங்க குடுங்க" என்று பாஸ்கரிடம் சொன்னேன்.

"நானா?"

"நீங்கதான்."

ஜாங்கிரியைத் தலையணை உறையில் இறக்கி, முடிச்சுப் போட்டு, டப்பாவில் வைத்து வாசலுக்கு வந்தால் — மூன்றேகால் மணிக்கே வசந்தி அக்கா, பின்னால் இரண்டு பேர்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு அக்கா."

"ஐயையோ, யாருக்கு என்ன?"

"ஜாங்கிரிக்கு. மூச்சு வாங்குது."

பின்னால் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு, "மறுபடியும் கேடராக்டா?" என்றார். வசந்தி அக்கா சிரிக்கவில்லை. "கொலு வெச்ச வீடு. வெளக்கேத்தப் போற நேரத்துல பாம்பத் தூக்கிட்டு வெளிய போறியே நிர்மலா, நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேருக்கும் உள்ள சுண்டல் இருக்கு அக்கா. எனக்கு நாலு பத்துக்கு அப்பாயின்ட்மென்ட்."

இருபத்திரண்டு வருட அமெரிக்க வாழ்க்கையில் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், வாயைத் திறந்து பார்த்தார். நுரையீரலில் தொற்று. வெப்பம் எவ்வளவு வைக்கிறீர்கள், தண்ணீர் எப்போது மாற்றுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியாக, "அந்த அறையில் ஏதாவது எரிப்பீர்களா? மெழுகுவத்தி, ஊதுவத்தி?" என்றார்.

போனில் சாம்பிராணிப் படம் தேடிக் காட்டினேன். வாரம் இரண்டு தடவை, கதவைச் சாத்தி, தொட்டிக்குப் பக்கத்தில். "ஸ்மோக் அலாரம் இல்லையா?" என்றார். ஷவர் கேப் கதையையும் சொல்லி முடித்தேன். அவர் திட்டவில்லை. "புகை நுரையீரலைப் புண்ணாக்கியிருக்கலாம், மேலே தொற்று வந்து உட்கார்ந்துவிட்டது. திங்கட்கிழமை வந்திருந்தால் பிழைக்கும் என்று நான் உறுதி சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

வசந்தி அக்கா சொன்னார் என்பது உண்மை. பற்ற வைத்தது யார்? நான்தானே. தோஷத்துக்குப் பயப்படாத நான், தோஷம் என்று சொல்பவருக்குப் பயந்தேன். அதற்கு விலை கொடுக்கப் பார்த்தது ஒரு வாயில்லாத ஜீவன்.

வீடு திரும்ப ஆறரை. பாஸ்கர் குங்குமச் சிமிழையும் பைகளையும் டேபிளில் வரிசையாக வைத்து, பஃபே மாதிரி அவரவரே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஆண் கையால் தாம்பூலமா என்று இரண்டு பேர் முகம் சுளித்தார்களாம். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. சுண்டல் காலி.

மூன்று நாளைக்கு ஒரு ஊசி, வீட்டில் நானே போட்டேன். பாம்பைத் தொடவே பயந்தவள் நான். முதல் ஊசியன்று வீடியோவில் தியா பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நெஜமாவே கொலுவ விட்டுட்டுப் போனியா?" என்றாள். எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்பவள், தமிழில் கேட்டாள். "ஆமாம்" என்றேன். இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். போன வியாழன் ஜாங்கிரி ஒரு எலியை முழுசாகச் சாப்பிட்டது.

உங்களில் பலர் வீட்டில் நாய், பூனை, கிளி இருக்கலாம். அதெல்லாம் இருக்கட்டும், நீங்களே இருக்கிறீர்கள். நெஞ்சு கனக்கிறது, போனால் வெறும் வாயுத்தொல்லை என்று சொல்லிச் சிரிப்பார்களோ என்று எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்? சிரிக்கட்டும். நான் ஒரு தடவை சும்மா போனேன், இன்னும் பத்துத் தடவை சும்மா போவேன். அடிக்கோடு போட்ட வரியை டாக்டர் எனக்காக எழுதினார், குரூப்புக்காக எழுதவில்லை.

நேற்று வசந்தி அக்கா போன் பண்ணினார். பாம்பை விசாரித்தார், அதைச் சொல்ல வேண்டும். கூடவே, "அடுத்த வருஷம் உன் வீட்டப் பட்டியல்ல போடட்டுமா வேணாமான்னு நாலு பேர் கேக்கறாங்க" என்றார். தாராளமாகப் போடச் சொன்னேன். மாடி அலாரத்திலிருந்த ஷவர் கேப்பைக் கழற்றிக் குப்பையில் போட்டாயிற்று.

அடுத்த வருஷமும் எங்கள் வீட்டில் கொலு உண்டு, ஜாங்கிரி உண்டு... சாம்பிராணி மட்டும் கிடையாது.