ஸ்டெல்லா மறுபடி போட்ட கணக்கு

சாந்தோமிலிருந்து ஸ்டெல்லாவின் தம்பி அழைத்தபோது, வார்டில் ஒரு குழந்தைக்கு மூச்சுவிடக் குழாய் செருகி முடித்திருந்தேன். செவிலியர்தான் போனை என் காதில் வைத்துப் பிடித்தார். "அக்கா போய்ட்டாங்க டாக்டர்" என்றார் தம்பி. கையுறையைக் கழற்றாமலே நின்றேன்.

ஸ்டெல்லாவை உங்களில் பலர் புள்ளியியலாளராக அறிவீர்கள். குழந்தைகள் அவசரப் பிரிவில் நாங்கள் நடத்திய ஆய்வுகள் எல்லாம் அவர் கைவழியாகத்தான் போயின. எனக்கு அவர் நண்பர், சண்டைக்காரரும்கூட.

வீசிங் முற்றி மூச்சுத் திணறி வரும் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒரு மருந்தைச் சொட்டாக ஏற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று நடத்தினோம். போதுமான குழந்தைகள் சேரவில்லை. பயன் நிரூபணமாகவில்லை என்று அறிக்கை வந்தது. மருத்துவமனை மருந்தை நிறுத்திவிட்டது. ஸ்டெல்லா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "பயன் தெரியலன்னா பயன் இல்லன்னு அர்த்தமா டாக்டர்?" என்றார். அதே தரவுகளை பேய்ஸியன் முறையில் மறுபடி ஆராய உட்கார்ந்தார். முன்பே தெரிந்ததையும் சேர்த்துக்கொண்டு, மருந்து உதவ எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கும் முறை அது.

அந்த மாதங்களில்தான் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காத்திருக்கும்போதும் மடியில் கணினி திறந்திருக்கும். அவர் பிழைக்கும் வாய்ப்பைப் பற்றி மருத்துவர் பேச்செடுத்தபோது மட்டும் தடுத்துவிட்டாராம்: "என் கணக்கு எனக்கு வேணாம்."

மருந்து உதவியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவு வந்தது. மருந்தை மறுபடி கொடுக்கத் தொடங்கினோம். ஆய்வில் இருந்த பெற்றோர் எல்லோருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும் என்று ஸ்டெல்லா பிடிவாதமாக நின்றார். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன்.

கடைசியில் நாங்கள் அனுப்பிய கடிதத்தைப் பார்த்து, சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஒரு தாய் வந்தார். மருந்து கிடைக்காத பிரிவில் இருந்த அவர் மகள் இறந்திருந்தாள். "அந்த மருந்து குட்த்திருந்தா எம் பொண்ணு இருந்திருக்குமா? அத்த மட்டும் சொல்லும்மா."

ஆறுதலாக ஒரு பொய் என் வாய்வரை வந்துவிட்டது. ஸ்டெல்லா முந்திக்கொண்டார். "தெரியாதும்மா. இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். நிறைய குழந்தைங்கள சேர்த்துப் பார்த்தா எனக்குச் சொல்லத் தெரியும். உங்க பொண்ணு ஒருத்தியப் பத்திச் சொல்லத் தெரியல."

"இல்லன்னு சொல்லியிருந்தீனா நிம்மதியா போயிருப்பேன்" என்றார் அந்தத் தாய். ஆனால் எழுந்து போகவில்லை. நிற்கவே தெம்பில்லாத ஸ்டெல்லா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அடக்கத்துக்குப் போய்வந்த மறுநாள், வார்டில் ஒரு தகப்பன் தன் மகன் பிழைப்பானா என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். வழக்கமாக அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுவேன். அன்று நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்.