மூச்சு விட்ட சாடி

தெருக்குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் பைப்பை முழுக்கத் திறந்தார். தண்ணீர் காற்றோடு சேர்ந்து இருமித் துப்பி அவருடைய சாரோங்கை நனைத்தது. திட்டிக்கொண்டே அவர் அதைப் பாதி மூடினார். உடனே தண்ணீர் கண்ணாடிக் கம்பி மாதிரி நேராக, சத்தமே இல்லாமல் விழுந்தது.

குழாய்க்குள் காற்றுக்கு இடமில்லை என்றால் சத்தத்துக்கும் இடமில்லை! வாளியை வரிசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அந்த ஓட்டத்துக்குக் காரணம் இருந்தது. என் மீன்தொட்டி போட்ட சத்தத்தில் அப்பாவின் வேலை போக இருந்தது.

பள்ளியின் கடைசிப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் நான் கட்டிய தொட்டி அது. மூன்று பக்கமும் சிமெண்டு, முன்பக்கம் கண்ணாடி. கிளேபாங் கடலிலிருந்து மண்ணெண்ணெய் டின்களில் தண்ணீர் பிடித்துச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தேன். உஜோங் பாசிர் கடற்கரை மீனவர் ஒருவர் வலையில் சிக்கிய பவளத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். உயிருள்ள பவளம். அதைச் சுற்றிக் கடல் பூக்கள், கண்ணாடி போன்ற இறால்கள், சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று, கோடு போட்ட குட்டி மீன் இரண்டு. கடல் பூ என்று நான் சொல்வது செடியல்ல, பூ மாதிரி விரிந்து இரை பிடிக்கும் பிராணி.

தொட்டிக்குப் பக்கத்தில், இடுப்பளவு உயரமுள்ள சீனச் சாடி ஒன்று. அதன் அடியில் மணலும் பாசியும். மின்சாரத்தில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு, சாடித் தண்ணீரைக் குமிழோடு குமிழாகத் தொட்டிக்கு ஏற்றும். தொட்டியில் நிறைந்த தண்ணீர் ஒரு மூங்கில் குழாய் வழியாகச் சாடிக்குத் திரும்பும். வேலை அருமையாக நடந்தது. திரும்பும் தண்ணீர்தான் சும்மா திரும்பவில்லை.

க்ர்ர்ர்... கொஞ்சம் நிறுத்தம். மறுபடியும் க்ர்ர்ர். சாடியின் வயிறு அந்தச் சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கி வீடு முழுக்க அனுப்பியது.

"அண்ணன் சாடிக்குள்ள யாரையோ கட்டி வெச்சிருக்கு" என்றாள் தங்கை. "சோறு போடுதோ இல்லையோ."

சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் ராத்திரி அட்டெண்டெண்ட். காலை ஏழு மணிக்கு வந்து, பசியாறிவிட்டுப் படுத்தால் மூன்று மணிவரை தூங்குவார். மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஒலிபெருக்கி கட்டிய லாரி தினமும் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும். அதற்கு அவர் புரண்டுகூடப் படுத்ததில்லை. இந்தச் சாடிக்கு விழித்துக்கொண்டார்.

"கடைசில இழுத்துக்கிட்டுக் கெடக்கிறவன் மூச்சுடா அது. வார்டுல கேக்கிறது போதாதா? வீட்டுலயும் வேணுமா?"

அதற்குப் பிறகு எனக்கும் அது வேறு மாதிரி கேட்கவில்லை.

குழாய் வாயில் தேங்காய் நாரை அடைத்துப் பார்த்தேன். சாடிக்குச் சாக்குச் சுற்றினேன். மூங்கிலை நீட்டி நீருக்குள் முக்கினேன். மூச்சு போய் ஏப்பம் வந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த, மலாய் பேசும் பழைய தமிழ் வம்சமான சிட்டி வீட்டுப் பாட்டியம்மா ஒருநாள் வாசலில் வந்து நின்று, "சியாப்பா சாக்கிட்?" என்று மலாயில் கேட்டார். வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று கேட்கிறார். யாருக்கும் ஒன்றுமில்லை என்றேன். நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வைக்கிற மாதிரி.

அந்த வாரம்தான் அப்பா வார்டில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். ஒரு நோயாளி தண்ணீர் கேட்டுக் கத்தியது அவர் காதில் விழவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று நர்சுகளின் தலைவியான மேட்ரன் சொல்லிவிட்டாராம். அம்மா என்னிடம் அதைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை.

"தொட்டியை எடுன்னு ஒங்கப்பா சொல்ல மாட்டாரு. நீயே யோசிச்சிக்க."

மறுநாள் பட்டப்பகலில் அப்பா எழுந்து வந்தார். கண் பாதி மூடியிருந்தது. சாடியின் அருகில் குனிந்து, அதன் கழுத்துக்குக் கீழே கையை நுழைத்து, தலையணையைத் தூக்கி வைப்பதுபோல மெல்ல நிமிர்த்தப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்க, டாக்டர் வந்திடுவாரு" என்றார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

குழாயடியில் எனக்கு யோசனை வந்தது அதற்கு மறுநாள். இப்போது ஏன் ஓடினேன் என்று தெரிந்திருக்கும்.

மூங்கிலின் கீழ் முனையில் ஒரு பைப்பு வைக்க வேண்டும். அதைத் திருகி, குழாய் எப்போதும் தண்ணீரால் நிறைந்தே இருக்கும்படி செய்ய வேண்டும். பழைய சாமான் கடையில் ஒரு பித்தளை பைப்பு கிடைத்தது. அம்மாவுக்கே அது பிடித்துப்போயிற்று. எங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் என்றால் பித்தளைக் குடத்துத் தண்ணீர்தான். புளி போட்டுத் தேய்த்து, தங்கம் மாதிரி ஆக்கிக் கொடுத்தார். கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகிக்கொண்டே வந்தேன். தண்ணீர் தொட்டியில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்ற ஒரு இடத்தில் சட்டென்று மூச்சு நின்றது.

அப்பா அன்று நான்கு மணிவரை தூங்கினார். அம்மா எனக்கு மட்டும் ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஒரு இறால் கவிழ்ந்து கிடந்தது. ஒன்றுதானே என்று எடுத்துப் போட்டேன். நான்காம் நாள் நான்கு. கடல் பூக்கள் விரியாமல் சுருங்கி, மென்று துப்பிய வெற்றிலை மாதிரி பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தன. நண்டு சங்கைவிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. சங்குநண்டு தன் வீட்டைவிட்டு வெளியே வருகிறதென்றால் அது நல்லதற்கில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா குத்துவிளக்கு, குடம் எல்லாவற்றையும் தேய்க்கும் நாள். கையோடு பைப்பையும் தேய்த்தார். "பச்சை பூத்திருக்குடா, பாரு" என்று சொல்லிக்கொண்டே, மிச்சப் புளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக் கழுவினார். அது அப்படியே சாடிக்குள் இறங்கியது. நானும் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் பளபளப்பாக இருக்கட்டும் என்று துணி கொடுத்தேன்.

சனிக்கிழமை நண்டு செத்தது.

அப்பா நன்றாகத் தூங்கி எழுந்து, முகம் கழுவி, டீ கிளாசோடு வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"என்னா, ஒண்ணும் அசையல?"

"தெரியலப்பா. சத்தம் நின்னதிலேர்ந்துதான் இப்படி."

"சத்தம் நின்னா நல்லதுன்னு ஒனக்கு யாரு சொன்னா? என் வார்டுல இழுத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் நான் நடப்பேன். நின்னாத்தான் ஓடுவேன்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பைப்பின் வாயைப் பார்த்தேன். நேற்றுத் தேய்த்த இடத்தில் மறுபடியும் மெல்லிய பச்சை. உப்புத் தண்ணீரில் அரிபட்டுக் கரையும் செம்பு. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். எஸ்டேட்டில் தண்ணீர்த் தொட்டிப் பாசியையும் நத்தையையும் கொல்ல மயில்துத்தம் போடுவார்கள். அதுவும் செம்புதான். ஒரு வாரமாக நான் அதைச் சொட்டுச் சொட்டாக ஊட்டியிருக்கிறேன். புளி ஊற்றி வேறு.

"நான்தாம்பா கொன்னுட்டேன்" என்றேன்.

"அம்மாகிட்ட சொல்லாத. அது தேச்சுக் குடுத்ததுன்னு அழும்" என்றார் அப்பா.

பைப்பைக் கழற்றினேன். உடனே சாடி மூச்சுவிட ஆரம்பித்தது. அப்பாவின் தோள் இறுகியதைப் பார்த்துவிட்டுப் பம்பை நிறுத்தினேன். இரண்டு மீன்களையும் பவளத் துண்டையும் எனாமல் பாத்திரம் ஒன்றில் கடைசி டின் கடல் தண்ணீரில் விட்டு, செம்பு கலந்த தண்ணீரையெல்லாம் வெளியே கொட்டினேன். பவளத்தில் ஒரு ஓரம் மட்டும் இன்னும் நிறம் இருக்கிறது. அல்லது இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இன்று காலை வேலை முடிந்து வந்த அப்பா, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் போட்டார். நீளமான ரப்பர் குழாய், அதோடு ஒரு திருகு கிளிப். ஆஸ்பத்திரி ஸ்டோரில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"குழாயை வெளியேர்ந்து நெரிக்கிறது. தண்ணி இரும்பைத் தொடாது" என்றார். பிறகு, படுக்கப் போகும் வழியில் நின்று, "எல்லாத்தையும் ஊமையாக்கிடாத. அடைச்சுக்கிட்டா கத்த ஒண்ணு வேணும். சும்மா கெடந்தா நான் எப்படித் தூங்குவேன்?" என்றார்.

ரப்பர் குழாய் வாளியில் ஊறுகிறது. சாடி காலி என்பதால் இப்போதைக்கு அப்பா தூங்குகிறார். இரண்டு குழாய் வைக்கப் போகிறேன். முதல் குழாயைக் கிளிப்பால் நெரித்து, நிறைந்தபடி ஓட விடுவேன். இரண்டாவதை அதைவிட ஒரு விரல் உயரத்தில், காய்ந்தபடி வைப்பேன். முதல் குழாய் அடைத்துத் தொட்டியில் நீர் ஏறினால் மட்டும் அதில் தண்ணீர் வரும். அதன் வாய்க்கு நேர் கீழே, தண்ணீர் விழுந்தால் கத்தும்படி கவிழ்த்து வைக்கப் பால் டின் ஒன்றைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறேன். நாளை விடிந்ததும் கிளேபாங்குக்குச் சைக்கிள் மிதிக்க வேண்டும். நான்கு டின். பவளத்தின் அந்த ஓரம் அதுவரை தாங்கினால், முதலில் அதைத்தான் உள்ளே இறக்குவேன்.