தண்ணீர் படாத கிடா

போன மாதம் என் மகள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். அலைந்த அசதி எனக்குத் தீராமலே, அவள் ஆசைப்பட்டாள் என்று, அரியலூரிலிருந்து எங்கள் பண்ணை ஆடுகளைப் பெரம்பலூர் கால்நடைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன்.

நடுவர் வருமுன் எல்லோரும் ஆடுகளைக் குளிப்பாட்டினோம். பக்கத்துத் தடுப்பில் நின்ற ஒல்லியான பெண் மட்டும் தன் கருப்புக் கிடாவைக் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கை வலித்தால் மறு கைக்கு மாற்றுவார், நிறுத்த மாட்டார்.

வாளியை நீட்டினேன். பதறிப்போய்க் கிடாவை மறைத்தார்.

"வேணாம் சார், தண்ணி பட்டா துலுக்கிடும். சாமிக்கு நேந்துவிட்டது."

நேர்ந்துவிட்ட கிடா மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதென்று வெட்டுவார்கள்.

"கோயில்ல தெளிச்சாத்தானேம்மா கணக்கு?"

"தெரியும் சார். பையன் பொழைக்கணும்னு நாந்தான் வேண்டிக்கிட்டேன். பொழச்சு வந்தவன் இதக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குறான். பரிசு வாங்குன கிடான்னா எங்கூட்டுக்காரரு வெட்ட யோசிப்பாரு."

"அழுக்கா இருந்தா பரிசு கெடைக்காதே?"

"கெடைக்காதுதான்" என்று சிரித்தார். "ஆனா துலுக்குறத என் கண்ணால பாத்துட்டா, அப்புறம் சாமிகிட்ட என்னத்த சொல்லிச் சமாளிக்கறது?"

நடுவர் கிடாவின் முதுகைத் தடவி, விரலில் ஒட்டிய தூசியைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். அந்தப் பெண் மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த அம்மா திறந்த வண்டியில் போயிருக்கக் கூடாதே என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.