மே மாதத்துக்குத் தள்ளிவைத்த கண்

முதலில் நான் சந்தேகப்பட்டது சமையலறை டியூப்லைட்டை. மாற்றினோம். மாற்றிய பிறகும் வெளிச்சம் பால் கலந்த தண்ணீர்போலத்தான் இருந்தது. அது நவம்பர். டெல்லியில் அந்த மாதம் யாருக்குத்தான் எதிர்வீடு தெளிவாகத் தெரிகிறது? புகையின் மீது பழியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

புகை விலகிய ஒரு மதியம், கரோல் பாக் மெட்ரோ நிலையத்தில் படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் காலை வைத்து விழப் போனேன். அன்றைக்குத்தான் பயம் வந்தது. எனக்கு இருப்பது ஒரு கண்தான். வலது கண் சின்ன வயதில் அம்மை வந்தபோதே போய்விட்டது; முகத்துக்குத் துணையாக இருக்கட்டும் என்று கூடவே இருக்கிறது. மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தது, கணவர் இறந்த பிறகு மகள் அனிதாவை வளர்த்தது எல்லாம் இடது கண்ணை வைத்துத்தான். அந்தக் கண்ணில் இரண்டு வருஷம் முன்பு கண்புரை அறுவை செய்து செயற்கை வில்லை வைத்திருந்தார்கள். நன்றாகவே வைத்திருந்தார்கள்.

அனிதா என்னைப் புசா ரோடு பக்கம் ஒரு தனியார் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். மருத்துவர் இந்தியில் பொறுமையாக விளக்கினார். இது பின்சவ்வு மங்கல் (செயற்கை வில்லையைத் தாங்கும் மெல்லிய பையின் பின்பக்கம் நாளடைவில் மங்கிப் போவது). புரை அறுவை செய்த பலருக்கும் வரும், யாருடைய தவறும் இல்லை. லேசரால் அந்தச் சவ்வில் சின்னதாக ஒரு ஜன்னல் திறப்பார்கள். வலிக்காது, அன்றே வீட்டுக்குப் போகலாம்.

இன்னொன்றும் சொன்னார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சவ்வு மறைப்பதால் விழித்திரையை (கண்ணுக்குள் காட்சி விழும் பின்சுவர்) அவரால் பார்க்க முடியவில்லை. சவ்வைத் திறந்தால்தான் உள்ளே என்ன நிலை என்று தெரியும், தள்ளிப்போடாதீர்கள் என்றார்.

கவுண்டரில் நாலாயிரம் ரூபாய் என்றார்கள். சொட்டு மருந்து தனி. எனக்குச் சுருக்கென்றது. வில்லை வைத்ததற்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. இப்போது கையிலிருந்து போட வேண்டும், அல்லது அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தின் டிஸ்பென்சரிக்கு அலைந்து அனுமதிச் சீட்டு வாங்கி வர வேண்டும். வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குத் தனிக் காசு கேட்கிறார்கள் என்று நினைத்தேன். கொடுக்க முடியாத தொகை இல்லை. ஏமாறுகிறோமோ என்ற எண்ணம்தான் உறுத்தியது.

கிட்வாய் நகரில் மகனின் அரசுக் குடியிருப்பில் இருக்கும் கோமதி அக்கா என் பழைய சிநேகிதி, என்னைப்போலவே திருநெல்வேலிக்காரர். போனில் சொன்னதும் சிரித்தார்.

“லேசர்னு சொல்லி இங்க நல்லாக் கறந்துருவாங்க. ஒழுங்காப் பண்ணியிருந்தா ரெண்டாந்தடவ எதுக்கு? மே மாசம் ஊருக்குத்தான போற, மதுரையில எறங்கிக் காட்டிட்டுப் போ. கண்ணுன்னா மதுரைதான்.”

டெல்லித் தமிழர்களுக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டு. சொத்தைப் பல், முழங்கால் வலி, மூக்குத்தியின் தேய்ந்த திருகு, எல்லாவற்றையும் கோடை விடுமுறைக்கென்று எடுத்துவைப்போம். ஊரில் டாக்டர் நம் பாஷையில் பேசுவார், அதனால் ஏமாற்ற மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. ரயில் டிக்கெட் கிடைக்கும் தேதிவரை உடம்பும் பொறுத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வோம்.

அனிதாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இங்கேயே பிறந்தவள். “நாலாயிரம்தானேம்மா, ஜல்தி முடிச்சிடலாம். நான் குடுத்துடறேன்” என்றாள்.

“மே மாசம் பாத்துக்கிடலாம். கண்ணு எங்கயும் ஓடிறாது” என்றேன்.

பிப்ரவரியில் கதவுச் சட்டம் நடுவில் வளைந்து தெரிந்தது. பிறகு செய்தித்தாளில் வார்த்தைகளின் நடு எழுத்துகள் காணாமல் போயின. எல்லாவற்றையும் சவ்வின் கணக்கில் எழுதினேன். சவ்வைத் திறந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனிதாவிடம் சொல்லவில்லை.

மே மாதம் அனிதாவோடு போனேன். மதுரையில் லேசர் சீக்கிரம் முடிந்தது. செலவு டெல்லியில் கேட்டதைவிடக் குறைவுதான், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் திரும்பியது. சுவரின் வெள்ளை வெள்ளையாகவே தெரிந்தது. சந்தோஷத்தில் பெண் மருத்துவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை இருந்தது.

அவர் மறுபடி நெடுநேரம் உள்ளே பார்த்தார்.

“சர்க்கரையால விழித்திரையில கசிவு இருக்கும்மா. மாகுலாவுல (விழித்திரையின் நடுப்பகுதி, முகத்தையும் எழுத்தையும் காட்டுகிற இடம்) ரொம்ப நாளா நீர் கோத்திருக்கு. சவ்வு மறைச்சதுல தெரியாமப் போச்சு.”

“முன்னமே லேசர் பண்ணியிருந்தா?”

“அப்பவே உள்ள பாத்திருப்பாங்க. ஊசி போட ஆரம்பிச்சிருக்கலாம்.”

“எம்புட்டு மிஞ்சியிருக்கும்?”

“அளந்து சொல்ல முடியாதும்மா. இதைவிட நல்லா இருந்திருக்கும்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டெல்லிக்குத் திரும்பி, கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்கிறேன். ஒவ்வொன்றும் அந்த லேசரைப்போலப் பல மடங்கு விலை. போனதைத் திருப்பித் தராது, இருப்பதைக் காக்க மட்டும்தான். சில மாதங்கள் கோமதி அக்காவிடம் பேசவில்லை. அவர்மேல் கோபம், அதைவிட என்மேல் ஆத்திரம். பிறகு நானே கூப்பிட்டேன். அவர் தன் முழங்காலை அடுத்த மே மாதத்துக்கு என்று வைத்திருக்கிறார்.

இதை நான் பேச, போன் எழுதுகிறது. பிழை இருந்தால் எனக்குத் தெரியாது. இதே லேசரைச் செய்துகொள்ளும்படி உங்களுக்கும் மருத்துவர் சொல்லியிருந்தால், விலை கூடுதலாகத் தோன்றினால், வேறு இடத்தில் விசாரியுங்கள். சண்டை போடுங்கள். அரசு மருத்துவமனை வரிசையில் நில்லுங்கள். ஆனால் இந்த வாரமே செய்யுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அன்றே செய்யுங்கள்.

இப்போது நான் நடப்பேன், அடுப்பு பற்றவைப்பேன். ஓரங்கள் எல்லாம் தெரிகின்றன. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் இல்லை. ஒருவர் முகம் வேண்டுமென்றால் அவரைத் தாண்டிப் பக்கத்தில் பார்க்க வேண்டும், அப்போது ஓரத்தில் கொஞ்சம் கிடைக்கும். அனிதாவுக்கு முன்நெற்றியில் நரை விழுந்துவிட்டதாம், அவளே சொன்னாள். நான் கடைசியாகத் தெளிவாகப் பார்த்த முகத்தில் நரை இல்லை. எனக்கு அவள் வயது அங்கேயே நின்றுவிட்டது.

நேற்று ஆபீஸிலிருந்து வந்தவள் என் எதிரே உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள் தோளுக்கு மேலே, கதவுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“அங்க யாரும்மா இருக்கா?”

“நீதான்” என்றேன்.