அஞ்சலை சொன்ன பெயர்

யாரோ செய்த தப்பை யாருமே செய்யாத மாதிரி இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பதுதான் ஜாப் டைப்பிஸ்ட் தொழில். பள்ளிக்கூடத்தில் பேசிவ் வாய்ஸ் நடத்திய அன்று முட்டியில் அடி வாங்கியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் உங்கள் கட்சிதான். 'ராமு கண்ணாடியை உடைத்தான்' என்பதை 'கண்ணாடி ராமுவால் உடைக்கப்பட்டது' என்று புரட்டிப் போடுவதற்குள் உயிர் போய்விடும். அந்தப் பாழாய்ப்போன பாடம்தான் பிற்பாடு எனக்குச் சோறு போட்டது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல் நடந்த வருஷங்களில், கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசுக்கு எதிரே டைப் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தேன். தமிழில் எழுதினால் மனு தாலுகாவோடு படுத்துவிடும், இங்கிலீஷில் அடித்தால் கடலூர் கலெக்டர் வரை போகும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை.

முதல் வாரமே வம்பு

'என் மனுவைக் கிளார்க் தொலைத்துவிட்டார்' என்று ஒருவர் சொன்னார். அப்படியே அடித்துக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அந்தக் கிளார்க்கே பேப்பரும் கையுமாக என் முன்னால் வந்து நின்றார். பக்கத்து மிஷின்காரன் சம்பந்தம்தான் பேப்பரைப் பிடுங்கி, 'மனு தவறவிடப்பட்டுள்ளது' என்று இங்கிலீஷில் மாற்றி அடித்து நீட்டினான். கிளார்க் சிரித்துக்கொண்டே போனார். சம்பந்தம் என் பக்கம் திரும்பிச் சொன்னான்: "கடைசீல 'பை'ன்னு போட்டு ஒரு ஆள் பேரு வருது பாருக்கா, அத்த மட்டும் வுட்டுடு. பொழச்சிக்குவ."

'ராமுவால்' என்பதில் வருகிற 'ஆல்'தான் இங்கிலீஷில் அந்த 'பை'. அன்றிலிருந்து விட்டேன். யார் வந்து யார் பெயரைச் சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பேன், அடிக்கும்போது விட்டுவிடுவேன்.

கடுக்காய் மூட்டை

கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்திருந்தார். அவர் பொறுக்கி வைத்திருந்த கடுக்காய் மூட்டையைக் காண்ட்ராக்டர் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். வழக்கப்படி, 'மூட்டை எடுத்துச் செல்லப்பட்டது' என்று அடித்தேன். தமிழில் படித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். என் மிஷினைக் கையால் காட்டினார். "அவரு பேரு எங்க மலையில பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும். உன் மிஷினுக்கு மட்டும் தெரியாதாம்மா?" என்றார்.

வாத்தியார் லீவு லெட்டர்

மறியல் முடிந்த மறுநாள் எங்களுக்கு லீவு லெட்டர் மழை. உளுந்தூர்பேட்டை பஸ் ஓடவில்லை, ரோடெல்லாம் வெட்டிப் போட்ட மரம், அதனால் வேலைக்கு வர முடியவில்லை என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். அதில் ஒரு வாத்தியார். மரத்துக்கு முன்னால் நடு ரோட்டில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன். 'சாலை மறிக்கப்பட்டிருந்ததால் வர இயலவில்லை' என்று அடித்துக் கொடுத்துவிட்டு, "சார், மறிச்சதே நீங்கதானே?" என்றேன். கோபமே வரவில்லை மனுஷனுக்கு. "மறிச்சிருந்தது உண்மைதானம்மா, இதுல இன்னா பொய் கீது?"

இங்கே கீது பார்

சிரித்ததெல்லாம் அதோடு சரி. அடுத்த வாரம் நைனார்பாளையம் பக்கத்திலிருந்து அஞ்சலை வந்தாள். கூலி வேலை செய்கிறவள். மறியலன்று அவள் புருஷன் காத்தவராயன் புளியமரத்தோடு விழுந்து செத்துப் போயிருந்தான். போராட்டத்துக்கும் அவனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இவர்கள் வேலை பார்க்கும் நிலத்துக்காரர் மகன் ராஜவேலு வாசலில் வந்து நின்று, ரோட்டுக்குக் குறுக்கே இழுத்துச் சாய்க்க மரத்தில் ஏறிக் கயிறு கட்டச் சொல்லியிருக்கிறான். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? காத்தவராயன் இறங்குவதற்குள் கீழே இருந்தவர்கள் மரத்தை அறுத்துச் சாய்த்துவிட்டார்கள். போலீஸ் பேப்பரிலோ, ரோட்டை மறிக்க மரம் வெட்டினவர்களில் காத்தவராயனும் ஒருவன் என்று ஏறிவிட்டது. அதைக் காட்டி, செத்தவன் குடும்பத்துக்குச் சர்க்கார் தரும் உதவித்தொகை கிடையாது என்றுவிட்டார்கள். "பணம் வந்தா வருது, வராட்டி போவுது. அவரா ஏறல, ராஜவேலு ஏறச் சொன்னான். அத்த எழுதும்மா. எம் புள்ளைங்கள ரவுடி பெத்த புள்ளைங்கன்றாங்க" என்றாள். பெயரை மூன்று தரம் சொன்னாள்.

பேப்பரை மிஷினில் சொருகினேன். ராஜவேலு தினமும் என் மிஷினைத் தாண்டித்தான் புல்லட்டில் போவான். நாளைக்கு இவளும் அந்த நிலத்துக்குத்தானே களை எடுக்கப் போகவேண்டும், இவள் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 'மரத்தில் ஏறும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்' என்று அடித்து முடித்துவிட்டேன். யார் கேட்டுக்கொண்டது என்பது கிடையாது. உருவிக் கொடுத்த பேப்பரை அவள் உற்றுப் பார்த்தாள். ஒரு எழுத்து தெரியாது. "ராஜவேலு பேரு எங்க கீது?" என்றாள். பாவி நான், நடுவில் ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்து, "இதோ" என்றேன். அவளும் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கைநாட்டு வைத்துவிட்டு, "நல்லா இருப்பம்மா நீ" என்றாள்.

விசாரணை

ஒரு மாசம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ராஜவேலுவின் அப்பாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். யார் ஏறச் சொன்னது என்று ஆபீசர் கேட்க, இவள் தைரியமாக மனுவை வாங்கி அந்த வார்த்தையைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். அங்கே பெயரே இல்லை, மனுவில் இல்லாத பெயரை இப்போது யார் சொல்லிக் கொடுத்தது என்று தள்ளிவிட்டார்கள். காத்தவராயன் மரம் வெட்டினவனாகவே பேப்பரில் தங்கிவிட்டான். நிலத்து வேலையும் அன்றோடு போயிற்று.

அவள் நேராக என்னிடம் வந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவளோ கசங்கிப்போன நகலை மிஷின் மேல் விரித்து, நான் காட்டிய அதே இடத்தில் விரலை வைத்தாள். வேறு மனு அடித்துத் தருகிறேன், பெயர் போட்டே தருகிறேன் என்று நான் அழுதேன். சம்பந்தம் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் விரலை எடுக்கவில்லை. "அவங்க அல்லாரும் சிரிச்சாங்கம்மா. அப்பகூட, நீ காட்டின எடம் இது இல்லியோ, நாந்தான் மாத்தித் தொட்டுட்டனோன்னு நெனச்சிக்கினே வந்தேன்."

இத்தனை வருஷம் இங்கிலீஷில் அடித்துத் தள்ளியும் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது தமிழில் ஒரே ஒரு வரிதான்: அஞ்சலையை ஏமாற்றியது நான்.