வெள்ளைச் செவ்வந்தி

சிட்னி, ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷன். 1976, மே.

பயிற்சிக்கு வந்திருக்கும் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார் ஜப்பானிய மேலாளர். நான் இங்கே வேலையில் நிற்பதா, யாழ்ப்பாணம் திரும்புவதா என்பது அவர் கையில். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று, அன்னையர் தினத்துக்காகக் கடையில் குவித்திருந்த வெள்ளைச் செவ்வந்தியில் ஒரு கட்டு வாங்கியிருக்கிறேன். சாமிக்கு வைக்கிற பூவில் என்ன பிழை வந்துவிடும்?

வழியனுப்ப வரும் சிவம் அண்ணை ஜப்பான் கம்பனியொன்றில் வேலை செய்கிறவர். பூவைக் கண்டதும் அவர் முகம் கறுக்கிறது.

"உதைக் கொண்டு போகாதையும். ஜப்பான்காரர் உந்தப் பூவைச் செத்த வீட்டுக்குத்தான் குடுக்கிறவை."

"அண்ணை, அவரின்ரை தாய் அந்த வீட்டிலை படுத்த படுக்கையாக் கிடக்கிறா."

"ஐயோ! எறிஞ்சு போட்டுப் போம்."

ரயில் வந்து நிற்கிறது. பூக்கட்டை மேடையில் உட்காரும் வாங்கில் வைத்துவிட்டு ஏறி உட்காருகிறேன். ரயில் நகரும்போது வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வருகிறாள். நான் மறந்துவிட்டதாக நினைத்து, பூக்கட்டை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டுச் சிரிக்கிறாள்.

அதை எங்கே ஒளிப்பதென்று தேடுவதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடுகிறது. என்னைக் கூட்டிப்போக மேடையில் நிற்கும் மேலாளர் என்னைக் கண்டு கையசைக்கிறார். பிறகு அவர் கண் என் மடிக்குப் போகிறது. அசைந்த கை மெல்ல இறங்குகிறது.